துரை காருக்கு மஞ்சள் தண்ணீர்

ஐம்பத்தெட்டு வயதில் நான் வாங்கிய கார் என்னைவிட நான்கு வயது மூத்தது. இரண்டு பேருக்கும் மூட்டில் சத்தம் வரும். காலையில் எழுந்து நிற்க எனக்கு மட்டும் யாரும் பின்னாலிருந்து தள்ள வேண்டியதில்லை.

ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் உதவியாளராக இருந்தவன் நான். எந்த அமிலத்தை எந்த அலமாரியில் வைக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கார் விஷயத்தில் என் ஞானம் பெட்ரோல் ஊற்றுவதோடு முடிந்துவிடும். எங்கள் வீட்டுச் சின்னக் காரின் முன்மூடியை நான் ஒரே ஒரு தடவை திறந்தேன், அதுவும் வைப்பர் விசை என்று நினைத்து. அப்படிப்பட்டவன் பழைய கார் வாங்கினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்று என் மனைவி சொன்னாள். பிறகு வந்த நாட்களைப் பார்க்கும்போது கழுதை எவ்வளவோ மேல். அது தானாக நடக்கும்.

ஏன் வாங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே துரை பங்களாவிலிருந்து ஆபீசுக்குப் போகும் செம்மண் சாலையில் பாசிப்பச்சை நிறத்தில் ஓர் இங்கிலாந்துக் கார் வரும். அதன் சத்தம் கேட்டால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி ஓரமாக நிற்பார்கள். நான் சிறுவனாக இருந்தபோது அப்படி ஒரு கட்டளை கிடையாது. வெள்ளைக்காரத் துரையெல்லாம் போய், அதே காரில் நம் நிறத்தில் ஒரு துரை வந்துவிட்டார். ஆனாலும் இறங்கினார்கள். உத்தரவு போன பிறகும் கால்களுக்கு அது மறக்கவில்லை.

அப்பா என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துக்கொண்டு போவார். கார் சத்தம் கேட்டதும் இறங்குவார், என்னையும் இறக்குவார், தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். துரை எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கையிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்குவார். அதுதான் சலாம். அப்பாவுக்கு அது போதும், மறுபடியும் ஏறி மிதிக்கத் தொடங்கிவிடுவார். எனக்கு வயிறு பற்றி எரியும். ஒரு நாள் இந்தக் காரில், இந்தச் சாலையில், நான் போகாவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று எட்டு வயதில் சபதம் எடுத்தேன். இந்தக் கதையை என் மனைவிக்குக் கல்யாணமான முதல் வாரத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி நடித்தும் காட்டுவேன். அவளுக்கு மனப்பாடம்.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. பால்மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகள் போய்விட்டன. மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. ஆடி மாதம் ஒரு நாள் திருவிழா நடக்கும். எங்கெங்கோ சிதறிப்போன தோட்டத்து ஆட்கள் அன்றைக்கு வந்து சேர்வார்கள். பழைய பந்துத் திடலில் வண்டிகள் வரிசையாக நிற்கும். சாமி கும்பிடுவதற்கு முன்னால் அவரவர் அந்த வரிசையை ஒரு சுற்று பார்ப்பார்கள். யார் எப்படி இருக்கிறார்கள் என்று யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை.

அங்கே கிராணியின் மகன் வருவான். அவன் அப்பா தோட்டத்து ஆபீசில் கணக்கப்பிள்ளை. அவனும் நானும் ஒரே வகுப்பு. லோரித் தொழிலில் நன்றாக வந்துவிட்டான். இரண்டு ஆடிக்கு ஒரு தடவை புதுக் கார். என் சின்னக் காரின் கூரையைத் தட்டி, "என்னா மச்சான், இன்னும் இந்தச் சவுக்கார டப்பாதானா?" என்பான். தட்டுவதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அதனால்தான் தாங்க முடியாது.

ஆக, ஆடித் திருவிழாவுக்குத் துரை காரில் போக வேண்டும். அந்தச் செம்மண் சாலையில் ஓட்ட வேண்டும். அந்தத் திடலில் நிறுத்த வேண்டும். என் ஓய்வுக்கால வாழ்க்கையின் முழுத் திட்டமும் இவ்வளவுதான்.

கார் கிடைத்தது பாகான் டத்தோவில். தென்னந்தோப்புக்குள் ஒரு வீடு, வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் கார், காருக்குள் கோழி. விற்றவர் அந்தக் காலத்தில் தோட்ட மருத்துவமனையில் ஊசி போட்ட டிரெசர், கழுத்தில் சிலுவை போட்ட பெரியவர். அதே ரக வண்டி. நிறம் மட்டும் என்ன என்று சொல்ல முடியாத நிறம்.

"ஒரே துரை ஓட்டின வண்டி தம்பி," என்றார்.

பழைய கார் விற்கிற எல்லாரும் ஒரே துரையைத்தான் சொல்வார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. கூரையில் ஒரு பள்ளம் இருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"தேங்கா விழுந்துச்சு. தேங்காய்க்குக் கண்ணு இருக்கு, மனுசன் தலைல விழாதுன்னு சொல்லுவாங்க. காரு மேல விழாதுன்னு யாரும் சொல்லல லா."

கார் வாங்க வந்தவன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அதனால் தெரிந்தவன் போல நடந்துகொண்டேன். சக்கரத்தை உதைத்தேன். கதவைத் திறந்து மூடி, காதைச் சாய்த்துக் கேட்டேன். குனிந்து அடியில் பார்த்தேன். அடியிலிருந்து ஒரு கோழி என்னைப் பார்த்தது. ஏதோ புரிந்ததுபோல் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தேன். பெரியவர் என்னை முழுதாக எடைபோட்டுவிட்டார் என்பது அவர் விலையை ஒரு காசுகூடக் குறைக்காததிலிருந்து தெரிந்தது.

லோரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது ஓடுமா?"

"ஓடும்."

"அப்புறம் ஏன் லோரில வருது?"

இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் குடும்பம் நடத்த முடியாது. கோழி எச்சத்தைக் கழுவ வாளி எடுக்கப் போய்விட்டேன்.

புந்தோங்கில் ஒரு சீனர் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் ஆட்களுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழில் திட்டத் தெரிந்தவர். நான் அவரை முதலாளி என்ற அர்த்தத்தில் தவ்கே என்று கூப்பிடுவேன், அவர் என்னை அண்ணே என்பார். மரியாதை அதோடு சரி. முதல் நாள் முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, நீ இத வாங்குனியா, இல்ல ஒன்னு மேல தள்ளிவிட்டாங்களா?" என்று கேட்டார். எட்டு மாதம் கார் அவரிடம் இருந்தது. பிரேக்கைப் பிரித்து மாற்றினார், கூரைப் பள்ளத்தை உள்ளிருந்து தட்டி எடுத்தார், கடைசியில் பாசிப்பச்சை பூசினார். நிறம் சரியாக வரவில்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். அந்தப் பச்சை என் கண்ணுக்குள் இருந்தது, தவ்கேயின் டப்பாவில் இல்லை. நான்காவது தடவை வந்தது. வந்த அன்று அந்த வண்டியின் ஓரத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் போதாது. எட்டு வயதுக்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

பராமரிப்பை நானே பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன். தோல் இருக்கை காய்ந்து வெடிக்கக் கூடாது என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். நம் தலைக்கு நல்லது தோலுக்கு ஆகாதா என்ன? மறுநாள் காலை இருக்கை முழுக்கக் கட்டெறும்பு. ஒரு வாரம் பின்பக்கத்தைச் சொறிந்துகொண்டே ஓட்டிப் பழகினேன்.

பிறகு பூஜை. புது வண்டிக்குப் பூஜை போடாமல் சாலையில் இறக்கும் தமிழனை நான் இதுவரை பார்த்ததில்லை. அறுபது வயதுக் கார் எங்கள் வீட்டுக்குப் புதுசுதானே. எங்கள் தாமான் குடியிருப்புக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பூசாரி சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், மாலை போட்டார், பூசணிக்காய் சுற்றினார். நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். கூட்டம் பார்க்கிறது என்றதும் அவருக்குப் பக்தி பொங்கிவிட்டது. "மூடியத் தொறங்க, இன்ஜினுக்கும் அபிஷேகம் பண்ணிடலாம்" என்றார். திறந்தேன். ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரில் விபூதியைக் கரைத்து, மந்திரம் சொல்லி, இன்ஜின் தலையில் தாராளமாக ஊற்றினார்.

"இப்ப பழத்த நசுக்கிட்டு போங்க."

சாவியைத் திருப்பினேன். கார் இருமியது. மறுபடியும் திருப்பினேன். சலித்துக்கொண்டது. மூன்றாவது தடவை எதுவும் சொல்லவில்லை. நான்கு பழமும் நசுங்காமல் அப்படியே இருந்தன. கடைசியில் கோயிலுக்கு வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளி எலுமிச்சம்பழத்தை நசுக்கினோம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

பூசாரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "கண்ணு."

கண்ணூறு என்றால் என் மனைவி உட்கார மாட்டாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் காருக்கு மிளகாய் சுற்றிப் போட்டாள், தீர்த்தம் தெளித்தாள். தவ்கே வந்து துடைத்து, காயவைத்து, ஓடவைத்துவிட்டு, "தண்ணி பூந்துச்சு அண்ணே, மழையா?" என்று கேட்டார். ஈப்போவில் சாயங்காலம் மழை பெய்யாத நாள் எத்தனை? மழைதான் என்றேன். அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

அந்த வருடத்து ஆடித் திருவிழா வந்தது. ஒரு மாதத்துக்கு முன்பே தோட்டத்து ஆட்களின் கைபேசிக் குழுவில் கார் படம் போட்டுவிட்டேன். முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, ஸ்டியரிங்கில் என் கை மட்டும் தெரிகிற மாதிரி ஒன்று. எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். கிராணியின் மகன், "மச்சான், துரையே வாங்க" என்று போட்டிருந்தான். அதை நான் ஒரு பத்துத் தடவையாவது திறந்து படித்திருப்பேன்.

திருவிழா அன்று விடியற்காலையிலேயே என் மனைவி ஆரத்தி கரைத்துவிட்டாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர். தொலைதூரம் போகிற வண்டி, ஊர்க் கண்ணெல்லாம் படப்போகிற வண்டி. சுற்றிய தண்ணீரை வாசலில் ஊற்றாமல், எங்கே அடிக்கடி நோவு வருகிறதோ அந்த இன்ஜின்மேலேயே ஊற்றினாள். கார் செத்தது. சின்னக் காரில் போனோம்.

திடலில் கிராணியின் மகன் கூரையைத் தட்டினான். "எங்க மச்சான் துரை காரு? படத்துல மட்டும்தான் ஓடுமா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சாமியிடம் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொன்னால் அம்மனுக்கே அவமானம். வரும் வழியெல்லாம் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் என்ன பாவம் செய்தாள் என்று எனக்கே தெரியாது, யார்மீதாவது கோபப்பட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகும் நின்றது. சந்தைக்குப் போகையில் ஒரு தடவை, சாவு வீட்டு வாசலில் ஒரு தடவை. சாவு வீட்டில் பிணத்தைத் தூக்க வந்த நான்கு பேர் முதலில் என் காரைத் தள்ளிவிட்டார்கள். தவ்கேக்குப் பொறுமை போய்விட்டது. இன்ஜினுக்கு மின்பொறியைப் பங்குபோட்டுக் கொடுக்கும் ஒரு கறுப்புக் கிண்ணம் உண்டு, அதன் பெயர் டிஸ்ட்ரிபியூட்டர். அதைக் கழற்றி என்னிடம் நீட்டினார். உள்ளே மஞ்சள் நிறத்தில் ஓர் அடை படிந்திருந்தது.

"அண்ணே, இது மழை இல்ல. மழை மஞ்ச கலர்ல பெய்யுமா? நீ இதுல கறி சமைக்கிறியா?"

விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். எங்கள் வீட்டுப் பூஜை அறை வாசம் அடித்தது. முப்பது வருடம் ஆய்வுக்கூடத்தில் இருந்தவனுக்கு, சாம்பல் கரைத்த தண்ணீரில் மின்சாரம் வழிதவறிப் போகும் என்று அப்போதுதான் உறைத்தது. மாணவர்களுக்கு வருடாவருடம் அந்தச் சோதனைக்கு உப்புத் தண்ணீர் எடுத்துவைத்தவனே நான்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். கோபப்படாமல் சொன்னதாக என் ஞாபகம். அவள் ஞாபகம் வேறு. எலுமிச்சம்பழம் கட்டு, மிளகாய் சுற்று, விபூதியை வெளியே எங்கே வேண்டுமானாலும் பூசு, தண்ணீர் மட்டும் மூடிக்குள்ளே போகக் கூடாது என்றேன். "சரி" என்றாள். மாதக்கணக்கில் கார் நிற்கவே இல்லை. பழைய பட்டணம் வரைக்கும் போய் வெள்ளைக் காப்பி குடித்துவிட்டு வந்தேன். குளிர்ந்த இன்ஜினை எழுப்பும் சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று கை பழகிவிட்டது. அடுத்த ஆடியும் நெருங்கியது. இந்தத் தடவை குழுவில் படம் எதுவும் போடவில்லை. வாயை மூடிக்கொண்டு போய் இறங்குவது என்று இருந்தேன்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கார் மறுபடியும் செத்தது. மழை இல்லை, கோயிலுக்குப் போகவில்லை. இப்போது எனக்கே அந்தக் கிண்ணத்தைக் கழற்றத் தெரியும். கழற்றினேன். ஈரம். மஞ்சள் ஈரம்.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கிண்ணத்தை மேசைமேல் வைத்தேன்.

"மறந்துட்டியா?"

"மறக்கல," என்றாள். "தெரிஞ்சுதான் ஊத்துனேன்."

கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

"போன வருசம் ஊத்துனது தெரியாம. இது தெரிஞ்சு. அந்த வண்டில சீட் பெல்ட்டு இருக்கா? லோரிக்காரன் ஹார்ன் அடிச்சா ஒதுங்க அதுக்கு வேகம் இருக்கா? நின்னா ஓடாது, ஓடாத வண்டி மோதாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பழைய ரோடு, பீடோர் தாண்டிப் போகணும் இல்ல?"

பீடோர் தாண்டி ஒரு வளைவில் அவள் தம்பி போய்விட்டான். மோட்டார் சைக்கிள், லோரி. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சிலிம் ரிவருக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் நெடுஞ்சாலையில்தான் போவோம், காரணம் சொல்லிக்கொண்டதில்லை. பழைய கார் நெடுஞ்சாலை வேகத்துக்குத் தாங்காது, பழைய ரோட்டில்தான் போக வேண்டும் என்று நான் ஒரு வருடமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். வரைபடத்தில் விரலை வைத்து அவளுக்கே காட்டியிருக்கிறேன். அந்த வளைவின்மேல் என் விரல் போனதைக்கூட நான் கவனிக்கவில்லை. எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது.

"வித்துடறேன்," என்றேன்.

"விக்கச் சொன்னேனா? ஆசைய வச்சிக்கிட்டு வித்தா அதுக்கும் நான்தான் ஏச்சு வாங்கணும். போறதா இருந்தா நானும் வாரேன். ஒன்னா போவோம், ஒன்னா வருவோம்." கீரைத் தண்டை ஒடித்தாள். "தண்ணி ஊத்த மாட்டேன். பெல்ட்டு போடச் சொல்லுங்க அந்தச் சீனன."

தவ்கே இரண்டு பெல்ட் போட்டார். காரை முழுசாகப் பார்த்து, சின்னச் சின்ன உருப்படி எல்லாம் மாற்றி, "அண்ணே, அறுபது வயசு ஆளு, ஓட விடாத, நடக்க விடு" என்றார். திருவிழா அன்று காலை முன்பக்கத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினோம். தண்ணீர்ச் செம்பை அவளே கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். நான் பார்க்கும்படியாகத்தான் கவிழ்த்தாள்.

சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே எழுந்துகொண்டது. கோப்பெங், கம்பார், தாப்பா எல்லாம் தாண்டினோம். ஒரு தடவை இருமவில்லை. இடதுபக்கம் திரும்பும்போது கதவோரத்திலிருந்து ஒரு சின்னக் கைகாட்டி நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் அவள் சிரித்தாள். பீடோர் தாண்டியதும் என் தொடையில் கையை வைத்தாள். அந்த வளைவு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள், நான் மெதுவாகப் போனேன். பின்னால் வந்த லோரி ஹார்ன் அடித்தது. அடிக்கட்டும் என்று இன்னும் மெதுவாகப் போனேன். வளைவு போன பிறகும் ரொம்ப நேரம் அவள் கையை எடுக்கவில்லை.

தோட்டத்துச் சாலை வந்தது. பாதித் தூரம் தார், மீதி இன்னும் செம்மண். இரண்டு பக்கமும் செம்பனை, நிழல் இருட்டாக விழுந்திருந்தது. அந்த மண்ணில் சக்கரம் இறங்கியது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்தேன். கோயில் மைக் சத்தம் தூரத்தில் கேட்டது. இன்னும் ஒரு மைல்.

எதிரே ஒருவர் சைக்கிளில் வந்தார். குலை வெட்டும் நீளக் கம்பைச் சைக்கிளோடு சேர்த்துக் கட்டியிருந்தார். வெளிநாட்டு ஆள், வங்காளதேசமோ நேபாளமோ தெரியாது, தோட்டத்தில் இப்போது அவர்கள்தான் வேலை செய்கிறார்கள். கார் சத்தம் கேட்டதும் சைக்கிளிலிருந்து இறங்கினார். ஓரப் புல்லில் ஏறி நின்றார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சாலை குறுகல், அதனால் இறங்கியிருக்கலாம். தொப்பியை எதற்குக் கழற்றினார்?

நாங்கள் கடந்து போனோம். கொஞ்ச தூரம் போன பிறகு என் மனைவி கேட்டாள்.

"அவர் மூஞ்சிய பாத்தீங்களா?"

"இல்ல."

அவள் என் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கையில் இரண்டு விரல் தூக்கியபடி நின்றன.

காரை நிறுத்தினேன். இறங்கித் திரும்பிப் பார்த்தபோது அவர் மறுபடியும் ஏறி மிதித்துப் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது? முதுகு மரங்களுக்குள் போய் மறைந்தது. அப்பாவும் இப்படித்தான் ஏறி மிதித்துப் போவார், திரும்பிப் பார்க்க மாட்டார். எனக்கு அழுகை வந்தது. செம்மண் சாலையில் நின்றுகொண்டு, ஐம்பத்தொன்பது வயதில், சட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதேன். என் மனைவி காரிலிருந்து இறங்கினாள். பின்னிருக்கையிலிருந்து அர்ச்சனைத் தட்டையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டாள்.

காரை ஒரு செம்பனை மரத்தடியில், சாலையிலிருந்து தெரியாத மாதிரி ஒதுக்கி நிறுத்தினேன். மீதித் தூரம் நடந்தோம். வெயிலில் நடந்து, செருப்பெல்லாம் சிவப்பாகித் திடலுக்குள் நுழைந்தபோது வண்டி வரிசைக்குப் பக்கத்தில் கிராணியின் மகன் நின்றுகொண்டிருந்தான். தட்டுவதற்குக் கூரை எதுவும் இல்லாததால் என் முதுகைத் தட்டினான்.

"என்னா மச்சான், நடந்து வாரீங்க? துரை காரு எங்க?"

வாங்கிய நாளிலிருந்து அந்தக் கார் அவ்வளவு ஒழுங்காக ஓடிய நாள் வேறு இல்லை.

"வழில ரோசாக் ஆயிடுச்சு, நின்னு போச்சு," என்றேன்.

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கிராணியின் மகன், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று பக்கத்தில் நின்றவர் தோளைக் குலுக்கினான். என் மனைவி தூக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"பழைய வண்டிதானே," என்றாள் அவனிடம். "தண்ணி பூந்திருக்கும்."